சாமி ஆடு மொட்டையடித்த சரிவு

ஊர் ஊராகக் கூலிக்குப் போகிறவன் நான். கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் ஒரு அக்காவின் காட்டில் மிளகுக்கொடி நட்டேன். சமவெளியிலிருந்து வரும் கீழ்நாட்டார் மலைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் போய், பிறகு எட்டியே பார்க்காத ஆடுகள் காட்டில் பெருகிக் கிடந்தன. அவை கொடி முழுவதையும் கடித்துப் போட்டன. கம்பை எடுத்தேன்.

“சாமி ஆடுங்க, அடிச்சாக் குத்தம்” என்று அக்கா தடுத்தார்.

“உங்க சாமி உங்க சோத்துலயே கை வைக்குமாக்கா?”

மேல்சரிவில் ஆடுகள் புல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. மழையில் அந்த மண் சரிந்து, நான் தங்கியிருந்த கொட்டகையை மூடியது. டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தேன்.

இப்போது அடிவாரத்தில் யாராவது மலைக் கோயிலுக்கு நேர்ந்த ஆட்டை வண்டியேற்றினால், “ஏனுங்க, எப்ப வெட்ட வருவீங்க?” என்று கேட்கிறேன். “சாமி பாத்துக்குமுங்க” என்றால், ஆட்டை இறக்கும்வரை வண்டியை நகர விடமாட்டேன்.