நீர்மட்டக் கண்ணாடியில் ஒரு பொட்டு

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் பாலேந்திராவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. வீட்டைப் பூட்டிய பிறகு மூன்று தரம் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். காற்றாலைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தும் ஒருநாள்கூட ஏணியில் ஏறியதில்லை. அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்றதும் பழைய ரயில் சங்கத்தில் சேர்ந்தார். அதுவும் எஞ்சினுக்கு நெருப்புப் போடுகிறவராக! ஆயிரத்து எண்ணூறுகளில், நிலையத்துக்குள் பெட்டிகளை இழுத்துக் கோப்பதற்கென்றே செய்த குட்டி நீராவி எஞ்சின்களில் ஒன்று அங்கே மிச்சமிருந்தது. எதையும் மூன்று தரம் பார்க்கிற ஆளைச் சங்கத்தில் யாருக்குத்தான் பிடிக்காது?

பழுது பார்த்து முடித்து, அது முதன்முதலாக ஆட்களை ஏற்றிச் செல்லும் நாள். மனைவி சரோஜினிதேவி சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்.

"இஞ்சேருங்கோ, புதுக் கார் எடுத்தா வைக்கிறமெல்லே? எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வையுங்கோ."

எல்லாவற்றுக்கும் வைத்தார். விளக்குக்கு, விசிலுக்கு, கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் நீர்மட்டக் கண்ணாடிக்கும். பயத்தின் அளவுக்குப் பொட்டும் பெரிதாக விழுந்து கண்ணாடியின் அடிப்பாதியை மூடியது.

பாதி வழியில் பார்த்தார். நீர்க்கோட்டைக் காணவில்லை. பொட்டுக்குப் பின்னால் நிற்கிறதா, அதற்கும் கீழே போய்விட்டதா? துடைத்தார், சந்தனம் சூட்டில் காய்ந்து இறுகியிருந்தது. தண்ணீர் வற்றியிருந்தால் கொதிகலன் வெடிக்கும். முதல் பெட்டியில் மகள் துஷாராவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். சொன்னால் இனி எஞ்சின் பக்கமே விடமாட்டார்கள் என்ற பயம் வேறு.

"மரினா, தண்ணீர் தெரியவில்லை. நான்தான் மறைத்துவிட்டேன்" என்று டேனிஷில் சொன்னார்.

எஞ்சின் ஓட்டிய மரினா வண்டியை நிறுத்தினாள். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கக் கொதிகலனில் மேலும் கீழுமாக மூன்று குழாய்கள் உண்டு. மேலதைத் திறந்தாள். நீராவி. நடுவிலதைத் திறந்தாள். அதுவும் நீராவி. வேறு நாளாயிருந்தால் பாலேந்திரா இறங்கி ஓடியிருப்பார். ஆனால் முதல் பெட்டியில் பேரப்பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கடைசிக் குழாய் சீறியது, துப்பியது, பிறகு கொதிநீர் கொட்டியது. தண்ணீர் இருந்தது, மயிரிழையில்.

மரினா கொதிகலனுக்குத் தண்ணீர் விட்டாள். பிறகு கத்தியால் சந்தனத்தைச் சுரண்டியபடி கேட்டாள்.

"இதை எதற்குப் பூசினாய்?"



"ஆபத்து எதுவும் வரக்கூடாது என்றுதான்" என்றார் பாலேந்திரா.