மூன்றாவது பிளக் வயர்

சிதம்பரம் மருத்துவமனையிலிருந்து மனைவியையும், பிறந்து ஐந்து நாளான மகளையும் கூட்டிவர, என் பழைய காரில்தான் கடலூரிலிருந்து கிளம்பினேன். கூடவே மனைவியின் தம்பியும் வந்தான். புதுச்சத்திரம் தாண்டியதும் கார் விக்கி விக்கி இழுத்தது.

"மாமா, இன்ஜின் போச்சு போல. வேற வண்டி சொல்லிடுவோமா?"

போன வாரம் மெக்கானிக்கும் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கணும் என்று சொல்லியிருந்தார். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் கையுறையோடு, சிலிண்டர்களுக்குத் தீப்பொறி கொண்டுபோகும் நான்கு பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். மற்றவற்றைக் கழற்றியபோது இன்ஜின் இன்னும் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இன்ஜினை நிறுத்தி, அதன் பிளக்கை இரண்டாவதோடு மாற்றிப் போட்டேன். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால், அப்போதும் கோளாறு மூன்றாவதிலேயே இருந்தது. பிளக் மேல் தப்பில்லை.

மச்சான் துண்டை விரித்து வெயிலை மறைத்துக்கொண்டு குனிந்தான். "மாமா, இங்க பாருங்க, நீலமா வெட்டுது!"

வயரின் உறை வெடித்து, பக்கத்து இரும்பில் பொறி தாவிக்கொண்டிருந்தது. வெறும் வயர்தான்! இருவரும் ரோட்டோரத்தில் நிற்பதையே மறந்து சிரித்தோம். இன்ஜினை நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு, வண்டியில் கிடந்த இன்சுலேஷன் டேப்பைக் கனமாகச் சுற்றி, வயரை இரும்பில் படாமல் தள்ளிக் கட்டியதும் கார் சீராக ஓடியது.

மருத்துவமனையில் மகளைத் தூக்கக் கை நீட்டினேன்.

"மொதல்ல அந்தக் கரியக் கழுவிட்டு வாங்க" என்றாள் மனைவி.