துவைக்கிற கல்லோரம் முளைத்த காசித்தும்பை

ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆம்பூரில் நாங்கள் அப்போதுதான் குடிவந்திருந்த வாடகை வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேன். அழுகை வரவில்லை. ஷூ கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பேன். தட்டில் சோறு காய்ந்துபோகும்.

மழை விட்ட ஒரு காலையில், துணி துவைக்கிற கல்லைச் சுற்றி நாற்றுகள் முளைத்திருந்தன. நாங்கள் எதையும் விதைக்கவில்லை. நீண்ட இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல், நீர் கோத்த தண்டு. என் கணவர் பிடுங்கக் குனிந்தார்.

"களைதான். பூச்சி பொட்டு வந்துடும்."

"இருக்கட்டும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் செல்போனில் படமெடுத்துத் தேடினார். போன் ஒருமுறை எள் என்றது, இன்னொருமுறை அரளி என்றது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு உருதுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்; தெருவில் எல்லாருக்கும் அவர் பாபி, அதாவது அண்ணி.

"இன்னாம்மா, இது தெரியலியா? குல்மேந்தி. முன்ன குடியிருந்தவங்க வெச்சது. வெதை தானா வெடிச்சி எகிறும். ஒண்ணு இருந்தா போதும், அப்புறம் ஜாஸ்தியாயிடும். நெருக்கமா இருக்கறத எடுத்துத் தள்ளித் தள்ளி நடு. இல்லாட்டி பூ கம்மியாத்தான் வரும்."

கரண்டியால் தோண்டி எடுத்துச் சுவரோரம் நட்டேன். மிச்சத்தைப் பழைய பெயிண்ட் டப்பாக்களில் வைத்தேன். மதியம் துவண்டுவிடும். தண்ணீர் ஊற்றினால் சாயங்காலம் நிமிர்ந்து நிற்கும். தண்டை ஒட்டி, இலைகளுக்கு அடியில் ரோஸ் நிறத்தில் பூக்கள் வந்தன. அப்புறம்தான் போன் சரியாகக் காசித்தும்பை என்றது; பாபி சொன்ன குல்மேந்தி அதுதான்.

"அழகா இருக்குல்ல?" என்றார் கணவர்.

"இருக்கு."

எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பூ உதிர்ந்து பச்சைக் காய்கள் பருத்தன. ஒருநாள் டப்பாவை நகர்த்தும்போது ஒரு காயில் விரல் பட்டுவிட்டது. அது சட்டென்று வெடித்து, தோல் சுருண்டு, விதைகள் உள்ளங்கையில் தெறித்தன. உடம்பே தூக்கிப்போட்டது. இன்னொன்றைத் தொட்டேன். அப்புறம் இன்னொன்று.

"இன்னா பண்றே?" என்று உள்ளிருந்து கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

கையில் ஏதோ பட்டது தெரிந்தது, அவ்வளவுதான். பல வாரங்களாக எனக்கு அதுகூடத் தெரிந்ததில்லை.

அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். பக்கத்து மெஷினில் தைக்கிறவள் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "எப்டிக்கா இருக்கே?"

"வீட்டுல பூச்செடி நெறைய வந்திருக்கு" என்றேன். "வெதை வேணுமா?"