படியில் எழுதிய பெயர்

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். பத்து வயதில் அதை நான் ஒருவரையும் மறக்க விடவில்லை. கூப்பன் கடையில் ஒட்டிய அறிவித்தலை வாசித்து, மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று சொல்வது நான். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சித்தப்பா யாரையாவது பிடித்து எழுதுவித்து அனுப்பும் கடிதங்களை விறாந்தையில் நின்று உரத்து வாசிப்பதும் நான்தான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா பள்ளிக்கூடம் போனதே இல்லை. அம்மா கூலிக்குக் களை பிடுங்கப் போன நாட்களில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். அது அவளுடைய வேலை என்றுதான் நினைத்திருந்தேன். என் கொப்பிகளுக்குப் பழைய பத்திரிகைத் தாளில் உறை போடுவதும் அவள் வேலைதான். ரீச்சர் வீட்டில் நடந்த மாலை வகுப்பின்போது மழை பிடித்தால் நாங்கள் எல்லோரும் கொப்பிகளை அங்கே மேசையில் குவித்துவிட்டு ஓடிவந்துவிடுவோம். மறுநாள் காலையில் அக்கா போய் என் கொப்பியை எடுத்து வந்துவிடுவாள்.

வீடு வன்னியில், கண்டாவளையில். இனக்கலவரத்துக்குத் தப்பி மலையிலிருந்து வந்த அப்பா, காடு வெட்டித் தன் கையால் கட்டிய வீடு. சுவர் மண், கூரை கிடுகு. ஆனால் வாசலில் மூன்று சீமெந்துப் படிகள். தோட்டத்து லயத்தின் வரிசை அறையில் பிறந்தவருக்கு, தன் சொந்த வீட்டுக்குள் படியேறிப் போக வேண்டும் என்று ஓர் ஆசை. மலையிலிருந்து வந்தவருக்கு மணல் என்றால் மணல்தான். வண்டி கட்டிக்கொண்டு போய்க் கடல்நீரேரிக் கரையிலிருந்து அள்ளிவந்து குழைத்துவிட்டார். உப்பு மணல் சீமெந்தைத் தின்றுவிடும் என்று சொல்ல அன்று பக்கத்தில் ஆளில்லை. நான் நடக்கப் பழகிய காலத்தில், தேநீரில் தோய்த்த விசுக்கோத்தைப் போல அந்தப் படிகளின் விளிம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. என் பத்தாவது வயதில் நடுப்படி பாதிதான் மிச்சம்.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் வன்னிக்குள் சீமெந்து வராது. தடை. அப்பா ஒருவருக்குக் கிணறு ஆழமாக்கிக் கொடுத்தபோது, அவர் முன்பு வாங்கிக் கட்டிலுக்குக் கீழே பதுக்கியிருந்ததில் அரைப் பையைக் கூலியாகக் கொடுத்தார். அந்த அரைப் பை எனக்குச் சொந்தம். அப்படித்தான் பேச்சு. என் படிப்பு மேசை மண் தரையில் நின்றது. கறையான் மேசைக் காலால் ஏறி என் சுற்றாடல் புத்தகத்தில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது.

"நீ ஸ்கொலசிப் பாஸ் பண்ணு புள்ள, ஒன் மேசைக்குக் கீழ சீமெந்து போட்டுத் தாறேன்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

அந்த ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் நான் பாஸ் பண்ணினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான். அந்தச் செய்தி வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆவதற்குள் மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை செட்டிகுளத்தில் சொந்த வயல் செய்பவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர், அவருடைய ஆட்களும் மலையிலிருந்து வந்தவர்கள்தான். இன்னும் பத்து நாளில் பெண் பார்க்க வருகிறார்கள்.

மாமா வன்னிப் பேச்சை எங்கள் எல்லோரிலும் முதலில் பிடித்துக்கொண்டவர். படிகளைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "என்ன மச்சான் இது? பெடியன்ர தாய்க்கு முழங்கால் ஏலாது. இந்தப் படியில ஏத்தி மனுசியைக் கொல்லப் போறியளோ?"

அப்பா படியைப் பார்த்தார். பிறகு, மூலையில் இருந்த அரைப் பையைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

அன்று முதல் வீட்டில் ஸ்கொலசிப் என்ற சொல்லே எழவில்லை. எல்லோருடைய வாயிலும் அக்காதான். அம்மா தன் ஒரே நல்ல சேலையை எடுத்து அக்காவின் தோளில் போட்டுப் பார்த்தாள். என் பங்கு முட்டையும் அக்காவின் தட்டுக்குப் போனது, "கன்னம் கொஞ்சம் வரட்டும்" என்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்கு, சும்மா வளர்ந்ததற்காக இவ்வளவா என்று எனக்கு வயிறு எரிந்தது.

சீமெந்து அடியில் கட்டி பிடித்துப் போயிருந்தது. அப்பா அதை உலக்கையால் இடிக்க, அக்காவும் நானும் மா அரிக்கும் அரிதட்டில் அரித்தோம். என் மேசைக்கான சீமெந்தை அவளுடைய படிக்காக நானே அரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மாமா இந்த முறை ஆற்று மணல் கொண்டுவந்தார். பழைய படிகளைக் கொத்தி, அந்தக் கல்லையே உள்ளே போட்டு, மேலே சாந்து பூசினார்கள். மாலை வெயிலில் மூன்று படிகளும் ஈரமாக, சாம்பல் நிறத்தில் மினுங்கின. சொல்ல மனமில்லை, ஆனால் அழகாகத்தான் இருந்தன.

அப்போதுதான் மாமா அடுத்ததை எடுத்துவிட்டார். "இஞ்சத்தைய வழக்கம் மச்சான், சீதன வீடெண்டால் பிள்ளையின்ர பேரைப் படியில போடுறது. வாற சனம் பார்க்கவேணும்." அப்படி ஒரு வழக்கத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "ஆமா, பெரியவளுக்குத்தானே வூடு" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "புள்ள, நீதான் எழுதணும். அக்கா பேர எழுது."

சீமெந்து போனது போதாதென்று இப்போது வீடும் போகிறது. அதை நானே எழுதிக் கொடுக்கவும் வேண்டும். ஒரு துருப்பிடித்த ஆணியை என் கையில் தந்தார்கள். நான்கு பேரும் சுற்றி நின்றார்கள். நான் கீழே இருந்த கடைசிப் படியின் முன் குந்தியிருந்து, எனக்குத் தெரிந்த மிக அழகான எழுத்தில் என் பெயரை எழுதினேன்.

அம்மா அந்த எழுத்தைக் கும்பிட்டாள். மாமாவும் கைநாட்டுத்தான், அதை வெளியில் காட்டிக்கொள்வதில்லை. தலையைச் சரித்துப் பார்த்து, "ஒரு பிழையுமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். அக்கா மட்டும் குந்தி இருந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறாய்" என்றாள்.

எழுந்து போய்ச் சாக்குகளைக் கிணற்றடியில் நனைத்து வந்து படிகளை மூடினாள். சீமெந்து வெடிக்காமல் இறுக வேண்டுமென்றால் ஏழு நாள் ஈரம் காயவிடக்கூடாது. விடியவும் மத்தியானமும் பின்னேரமும் வாளி வாளியாக இறைத்து ஊற்றியவள் அவள்தான். ஒவ்வொரு தரமும் சாக்கைத் தூக்கி, ஒரு பார்வை பார்த்து, திரும்ப மூடுவாள். நான் மேசையில் இருந்தபடி அதைப் பார்த்து எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். மாடு மாதிரித் தண்ணீர் சுமக்கிறாளே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடத் தெரியாமல்!

மாப்பிள்ளை எழுத்துத் தெரிந்தவர் என்பது அவர்கள் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவருடைய தாய் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றக் குனிந்தவர், குனிந்தபடியே சற்று நின்றார். நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அக்கா தேநீர்த் தட்டுடன் வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"படியில எழுதிக் கிடக்கிறது இவவின்ர பேரோ?" என்று அவர் கேட்டார்.

"ஓமோம்" என்று மாமா முந்தினார். "பிள்ளையின்ர பேர்தான். வீடு அவவுக்குத்தானே!"

மாப்பிள்ளை என் பெயரைச் சொன்னார். "நல்ல பேர். ஆனா நீங்கள் எங்களுக்குச் சொன்ன பேர் வேறயெல்லோ?"

அப்பாவின் கையில் தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. மாமா வாசலுக்கு வெளியே படியை எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னங்க இது? ஒரு புள்ளய காட்டி இன்னொரு பேர சொல்றீங்களா? அப்ப வூடு யாருக்கு?"

சம்பந்தம் கலைந்துபோனால் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அம்மா என்ன செய்வாள் என்பது அதைவிடப் பயம்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பதில்லை. அக்கா திறந்தாள்.

"அது தங்கச்சியின்ர பேர். நான்தான் எழுதச் சொன்னனான். அவள் ஸ்கொலசிப் பாஸ் பண்ணினவள். அப்பா தந்த சீமெந்து அவளுக்கெண்டு இருந்தது." கொஞ்சம் மூச்சு விட்டு, "படி அவளுக்கு. வீடு அப்பா சொன்ன மாதிரித்தான்" என்றாள்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "படி அவவுக்கெண்டால், நாங்கள் வீட்டுக்குள்ள எப்பிடி ஏறுறது? அவவிட்டக் கேட்டுத்தான் ஏறவேணுமோ?"

அவருடைய தாயும் சிரித்தார். அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவினார். "தங்கச்சி மேல எம்புட்டுப் பாசம்! இந்தப் புள்ள போதும் எங்களுக்கு."

எனக்கு அந்த நேரத்தில் வந்தது நிம்மதி இல்லை. ஆத்திரம். நான் செய்த களவைக்கூட அவள் எடுத்துத் தன் நல்ல குணமாக்கிக்கொண்டாளே என்ற ஆத்திரம். பெயர் என்னுடையது, பாராட்டு அவளுக்கு. அவர் பெயரைச் சொன்ன பிறகுதான் அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கும், சட்டென்று ஒரு பொய் சொல்லிச் சமாளித்துவிட்டாள் என்று நினைத்தேன். பல வருடங்கள் அப்படியே நினைத்திருந்தேன். அக்கா கல்யாணம் முடிந்து செட்டிகுளம் போனாள். பிறகு நாங்களும் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டோம்.

இப்போது நான் முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். போன வாரம், இன்னும் அ, ஆ பிடிபடாத ஒரு சின்னப்பெண், முப்பது கொப்பிகளின் குவியலுக்குள் கையை விட்டுத் தன் கொப்பியை உருவி எடுத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே நிற உறை.

"எப்படியம்மா கண்டுபிடிச்சனீ?" என்றேன்.

"என்ர பேர் இப்பிடித்தான் இருக்கும், ரீச்சர்" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

நான் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மழை நாட்களுக்கு மறுநாள், ரீச்சர் வீட்டு மேசையில் குவிந்து கிடந்த கொப்பிகளில் அக்கா ஒரு நாளாவது பிழையான கொப்பியை எடுத்து வந்ததில்லை. தன் பெயரை எழுதினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே எழுத்து என்னுடைய பெயர். அதைத் தெரிந்துகொண்டுதான் ஏழு நாளும் சாக்கைத் தூக்கிப் பார்த்து, அந்தப் பெயர் வெடித்துவிடாமல், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து இறைத்து ஊற்றியிருக்கிறாள்.