விடாமல் பிடித்த கயிறு

“அம்மா, இப்ப பாயப்போறன், பாருங்கோ” என்றாள் கனடாவில் குதிரையேற்றம் பழகும் மகள். அவளுடைய சிநேகிதிதான் அங்கே போனைப் பிடித்து வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். குளம்புச் சத்தம் கேட்டதும், லிங்கநகர் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்த நான், நினைவில் சின்ன வயது உப்புவெளிக் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

வெள்ளைக்காரரை ஏற்றிச் சவாரி விட அப்பா ஒரு குதிரை வைத்திருந்தார். பின்னேரம் அதன் கால்களைக் கடலில் கழுவிவிட்டு அவர் தேத்தண்ணீர் குடிக்கப் போனதும் அக்கா ஏறிவிடுவாள். கரையில் கிடந்த தென்னங்குற்றிக்கு மேலால்தான் குதிரையைப் பாய வைப்பாள். கடிவாளத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே ஓடி, குற்றிக்கு முன்னால் விட்டுவிட வேண்டும். அவள் சேணத்திலிருந்து எழும்பி, இரண்டு கைகளையும் குதிரையின் கழுத்தோடு முன்னே நீட்டுவாள். “பாயேக்க அது தலையை நீட்ட வேணும். இழுத்தால் விழுந்திடும்” என்பாள்.

ஒரு நாள், அவள் விழுந்துவிடுவாளோ என்று பயந்து நான் கயிற்றை விடவில்லை. அந்தரத்தில் தலை பின்னுக்கு இழுபட, குதிரையின் முழங்கால் குற்றியில் மோதியது. மணலைத் துப்பிக்கொண்டு எழும்பிய அக்கா, கடிவாளம் கிழித்த அதன் வாயில் வடிந்த இரத்தத்தைப் பாவாடையால் துடைத்தாள்.

“பயத்திலதான் பிடிச்சனான்” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். குதிரைக்குத் தெரியுமே?”

போனில் மகள் தடையை நோக்கி வந்தாள். குதிரை முன்னங்கால்களைத் தூக்கியதும் படம் அப்படியே நின்றுபோனது. நான் போனை இரண்டு கைகளாலும் என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.