வீட்டுக்கு ஒரு ஆள்

நம்புகிறவர்கள் நம்பட்டும். பொய் சொல்லிப் பெயர் வாங்கும் பரம்பரையில் நான் பிறக்கவில்லை. ஜெயபுரத்தில் பரமலிங்கம் என்று கேட்டால் எவரும் வீட்டைக் காட்டுவார்கள்.

போன மாரி வெள்ளத்தில் பயிர் முழுவதும் அழுகியது. தவணை கட்டவில்லையென்று கடன் கொம்பனி எங்கள் ஊர் உழவு இயந்திரங்களை இழுத்துப் போகத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மிச்சத்தையும் ஏற்ற வருகிறார்கள் என்று தெரிந்ததும், தெருவை மறிப்பதென்று விவசாயிகள் சங்கம் முடிவெடுத்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும். வராத வீட்டின் பெயர் கூட்டத்தில் சொல்லப்படும்.

எனக்கு முழங்கால் இயலாது. ஒரே மகன் கோகுலன் வவுனியா நெளுக்குளத்தில், மனைவியோடு. பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரம். கூப்பிட்டேன்.

"உந்த விசர் வேலைக்கு நான் வரமாட்டன், அப்பா."

என் வீட்டுப் பெயர் சபையில் கெடப்போகிறது. வியாழன் முழுவதும் நான் சோறு தொடவில்லை.

அன்று மைமல் பொழுது. ஆறே முக்காலுக்கு மின்சாரம் நின்றது. படலைக்கு வெளியே காலடிச் சத்தம்... பலருடையது. நாய் குரைக்கவில்லை. கட்டிலின் கீழ் போய்ப் படுத்துக்கொண்டது.

இருபது பேர் இருக்கும். காட்டுக்கத்தி, மண்வெட்டி. சிலரிடம் நீளமான வேட்டைத் துவக்கு. தலைப்பாவில் வேப்பங்குழை. அயலூர்ச் சங்கத்தார் என்று நினைத்தேன். துவக்கு எதற்கென்றுதான் விளங்கவில்லை.

"நாளைக்குக் கச்சேரியை மறிக்கிறம்," என்றான் முன்னால் நின்றவன்.

"கச்சேரியையோ? அரசாங்க அலுவலகத்தை ஏன்? கொம்பனிக்காரரையெல்லோ மறிக்கிறது?"

"நெல்வரி கேட்டு வயலை ஏலம் போடுறான். இனிக் கட்டேலாது."

நெல்வரியா? என் அப்பா காலத்திலேயே இல்லாத வரி...

"உங்கட வீட்டால ஆள் எங்கை?"

நான் முழங்காலைத் தடவினேன்.

"பயந்த குடும்பம்போல கிடக்கு," என்றான் பின்னால் ஒருவன். சிரித்தார்கள்.

இரத்தம் தலைக்கேறியது.

"ஆரைப் பாத்துச் சொல்லுறாய்? என்ர மகன் கோகுலன் வருவான். இது என்ர சொல்."

"பேர் சொன்னது காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

திரும்பினார்கள்.

இப்போது காலடிச் சத்தமே இல்லை.

டோர்ச் அடித்தேன்.

ஈர மண்.

ஒரு தடமும் இல்லை...

விடிந்ததும் மகனுக்கு அழைப்பெடுத்தேன். அவனுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. சங்கத் தலைவி நேசமலரிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளிறியது.

"நாங்கள் ஒருத்தரையும் அனுப்பேல்லை, அண்ணை. காட்டுக்குள்ள தூர்ந்த குளம் கிடக்கெல்லோ... வெள்ளைக்காரன் காலத்தில வரி கட்டமாட்டம் எண்டு துவக்கோட எழும்பின சனத்தை அந்தக் குளக்கட்டில வைச்சுத்தான் சுட்டவையாம். வீட்டுக்கு ஒரு ஆள் போனதாம். ஒருத்தரும் திரும்பேல்லையாம்."

சனிக்கிழமை காலை மருமகள் சுதாஜினி அழைத்தாள்.

"மாமா, அவரை ஒருக்கால் கதைக்கச் சொல்லுங்கோ."

"அவன் இஞ்ச வரேல்லையே, பிள்ளை."



"வியாழன் பொழுதுபட, ஏழு மணிபோல, நாலைஞ்சு பேர் வந்தவை. தலையில குழை. உங்கட அப்பா பேர் குடுத்திட்டார் எண்டவை. ஒண்டும் கதைக்காமல் எழும்பிப் போனவர்... மோட்டார்சைக்கிள் வீட்டு முத்தத்திலதான் நிக்குது, மாமா. நடந்துதான் போனவை."