அம்மா கிள்ளிய நுனி

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், வாசலில் நிற்கும் சைப்பிரஸ் மரம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அம்மாவும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த அம்மா, வாழ்க்கைப்பட்டு ஹட்டன் பக்கம் வந்து, காலமெல்லாம் கொழுந்து பறித்தார். அப்பா சீக்கிரமே போய்விட, எங்கள் மூவரையும் தனியாளாக ஆளாக்கினார். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுப் புதிய வீட்டுக்குக் குடிபோனபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அங்கே அத்தனை வீடும் ஒரே அளவு, ஒரே நிறம். முதல் வாரமே, கோயிலிலிருந்து திரும்பிய அம்மா எங்கள் வீடென்று எண்ணிப் பக்கத்து வீட்டுச் செல்லம்மா சித்தியின் குசினிக்குள் நுழைந்து தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிவிட்டார்.

"பஸ் ரோட்டுல எறங்கி நிமுந்து பாத்தா இது நம்ம வீடுன்னு தெரியணும்" என்று அன்றே சொன்னார். இடமோ ஏழு பேர்ச், கையகல நிலம். பக்கவாட்டில் பரவாமல் நேரே மேலே போகும் மரம் வேண்டுமென்று நுவரெலியாவுக்கே போய், நாற்றுத் தவறணையில் கேட்டு, விளக்குமாறு உயரக் கன்றொன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

சித்தி பதறினார். "அக்கா, இது வெள்ளக்காரத் தொரமாரு கல்லறையில நிக்கிற மரமாச்சே! வாசல்ல வச்சா ஆகாதுங்க."

"மரம் வைக்காத வீட்டுல யாரும் சாகலியா? போ புள்ள, அந்த மம்பட்டிய எடுத்தா."

கன்று நன்றாகத்தான் எழுந்தது. பிறகு உயரம் நின்று, இடுப்பு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. அம்மா சாணம் கரைத்து ஊற்றினார், எறும்புகளைத் திட்டினார். குற்றவாளியைப் பிடித்தவர் சித்திதான். ஒரு காலையில் இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கையில், அம்மாவின் கை தன்பாட்டில் மரத்தின் உச்சித் துளிரைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

"அக்கா! நீங்கதான் கொழுந்தெடுக்குறீங்க!"

ஆயுள் பழக்கம். பச்சையாக எது நீட்டினாலும் அந்த விரல்கள் சும்மா இருக்காது. எங்கள் வாசல் ரோஜாவும் இடுப்பளவைத் தாண்டியதில்லை. காரணம் அன்றுதான் புரிந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாவும் சிரித்தார், பிறகு அழுதார். "ஆசப்பட்டு ஒரு மரம் வச்சேன். அதையும் தேயிலச் செடியாக்கிட்டேனே."

மறுநாள், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிய பழைய படங்குச் சாக்கைக் கிழித்து, பக்கக் கிளைகளில் தெம்பானதொன்றை நிமிர்த்திக் கம்போடு கட்டினார். "இனிமே நீதான் உச்சி" என்று உத்தரவும் போட்டார். அதன்பின் மரத்தருகே போகும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். பார்ப்பவர்களுக்குப் பெரிய துரை மேற்பார்வைக்கு வந்ததுபோல இருக்கும்.

படுக்கையில் விழுந்த பிறகும் மருந்தைக் கேட்கமாட்டார். "முகட்டத் தாண்டிருச்சா?" என்றுதான் கேட்பார்.

"இன்னும் ஒரு சாண்மா."

"அப்ப யாரும் கிட்ட போகாதீங்க."

அவர் கண்மூடிய மாதத்தில்தான் முகட்டுக்கு மேல் பச்சை நுனி தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. துக்கத்துக்கு வந்த சொந்தங்கள் கொத்மலையிலிருந்தும் கினிகத்தேனையிலிருந்தும் வந்து இறங்கி, எந்த வீடென்று தெரியாமல் ரோட்டில் விழித்தார்கள். அவர்களுக்கு வழி சொன்னவர் செல்லம்மா சித்தி. அழுதுகொண்டே கையை நீட்டினார்: "மேல பாருங்க, மரம் நிக்குதுல்ல, அதான் அக்கா வீடு."

அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்கள், பாடை தூக்கியவர்கள், எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அயலவர்கள் அனைவருக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். நினைவு நாளுக்கு வருவோருக்கு வழி சொல்லத் தேவையில்லை. கொழுந்தெடுத்த கைகளுக்கு மட்டும் ஒரு பணிவான வேண்டுகோள்: வாசலில் நிற்கும்போது தயவுசெய்து பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

மகள்